98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி: எதை மாற்றினாலும் மிஸ்ஸிங் போகவில்லை

சேலம்_எட்டுநூறு:
வணக்கம். வீட்டில் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எல்.பி.ஜி. கிட் போட்டிருந்தார், நானும் பெரும்பாலும் கேஸில்தான் ஓட்டுகிறேன். கொஞ்ச மாதமாக ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) மிஸ்ஸிங், எஞ்சின் நடுநடுவே அடிக்காமல் விடுகிறது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், கியர் ராடு எல்லாம் நடுங்குகிறது, சைலன்சர் வாய்க்கு நேரே கையை வைத்தால் காற்று சீராக வராமல் நடுநடுவே ஒன்று விட்டுப்போகிறது. நாற்பது ஐம்பதைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கியரில் போன இடத்திலெல்லாம் இப்போது இரண்டாவது கேட்கிறது.

பிளக், பிளக் ஒயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், கடைசியாகக் காயில் வரை மாற்றியாயிற்று. கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மெக்கானிக் இப்போது "மூணு சிலிண்டர் வண்டி சார், இப்படித்தான் ஆடும்" என்கிறார், வேண்டுமானால் புது கார்புரேட்டர் போட்டுப் பார்க்கலாமாம். வாங்கிய புதிதில் இப்படி ஆடவில்லையே! சோக்கை இழுத்தால் கொஞ்சம் அடங்குகிறது, அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கொங்கு_கியர்:
சோக் காற்றைக் குறைக்கும். அதில் அடங்குகிறது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது, கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்துபோகிறது. இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், கார்புரேட்டர் அடியில் இருக்கும் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் இருக்கும் மாடலானால் அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸ், மூன்றையும் பாருங்கள். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கும். ஐடிலிங்கில் விட்டுவிட்டு மேனிஃபோல்ட் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் லீக். பெட்ரோலைத் தெளிக்கச் சொல்வார்கள், அந்த வேலையே வேண்டாம்.

நெல்லை_டிரைவர்:
எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை ப்ரோ. இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு கார்புரேட்டர் வண்டி எதுவும் ஒழுங்காக ஓடவில்லை.

டேப்பெட்_தாத்தா:
தம்பி, கார்புரேட்டர் வாங்குகிற காசைப் பையிலேயே வையுங்கள். இவ்வளவு மாற்றியிருக்கிறீர்கள், எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று யாராவது பார்த்தார்களா? அதைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் வரிசையாகப் பிடுங்குகிற மாதிரி.

எத்தனால்தான் காரணம் என்றால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து மெலியும், ஒன்று மட்டும் விட்டுவிட்டு அடிக்காது. இவரோ கேஸில்தான் ஓட்டுகிறேன் என்கிறார், அதில் எத்தனாலுக்கு என்ன வேலை? கேஸ் தனி மிக்சர் வழியாகக் காற்றோடு கலந்து போகிறது, பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான கார்புரேட்டர் ஜெட்டைத் தொடுவதே இல்லை. கேஸ், பெட்ரோல் இரண்டிலும் ஒரே மாதிரி மிஸ்ஸிங் இருந்தால் ஜெட்டை மறந்துவிடலாம்.

சோக் விஷயத்தில் கொங்கு_கியர் சொல்வது பாதி சரி. சோக் இழுத்தால் கலவை மட்டும் கெட்டியாவதில்லை, ஐடிலிங் வேகமும் ஏறுகிறது. வேகம் ஏறினால் எந்த மிஸ்ஸிங்கும் கொஞ்சம் மறையும். சோக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து அதே வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்போதும் அடங்கினால் சோக் வைத்து லீக் என்று முடிவு கட்ட முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. எஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுங்கள். எடுத்த ஒயரை அந்தரத்தில் விடாமல் ஒரு பழைய பிளக்கில் செருகி பாடியில் எர்த் செய்யுங்கள், இல்லையென்றால் புதுக் காயில் போய்விடும். நல்ல சிலிண்டர் ஒயரை எடுத்தால் எஞ்சின் தடுமாறும். எதை எடுத்தாலும் மாற்றமே இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பிறகு அந்த பிளக்கையும் ஒயரையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் பிளக் அல்லது ஒயர். மாறாமல் அங்கேயே இருந்தால் அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும்.

ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து, ஒயர் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தும் பாருங்கள். கரண்ட் கசிந்தால் நீலமாக ஒரு நூல் தாவுவது தெரியும். கை வைக்காதீர்கள். புது ஒயர் செட்டிலும் டூப்ளிகேட் நிறைய வருகிறது.

சேலம்_எட்டுநூறு:
பார்த்துவிட்டேன் சார். மூன்றாவது சிலிண்டர். அந்த ஒயரை எடுத்தாலும் போட்டாலும் சத்தத்தில் மாற்றமே இல்லை. பிளக், ஒயர் இடம் மாற்றியும் அதே மூன்றாவதுதான். பெட்ரோலில் ஓடவிட்டுக் கழற்றியபோது மற்ற இரண்டும் செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தன, மூன்றாவது கறுப்பாக, நுனி பெட்ரோலில் நனைந்து இருந்தது. கேஸிலும் பெட்ரோலிலும் மிஸ்ஸிங் ஒன்றேதான். சோப்புத் தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லை. இருட்டிலும் எதுவும் தாவவில்லை.

டேப்பெட்_தாத்தா:
நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி, கேஸ் வால்வை மூடி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு கிராங்க் செய்ய வேண்டும். மிதிக்காமல் செய்தால் காற்று போகாமல் ரீடிங் பொய்யாக வரும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்.

சேலம்_எட்டுநூறு:
ரீடிங்: முதல் சிலிண்டர் 165, இரண்டாவது 160, மூன்றாவது 95. எல்லாம் பி.எஸ்.ஐ. ஆயில் விட்ட பிறகு மூன்றாவது 100. அப்படியென்றால் வால்வா?

டேப்பெட்_தாத்தா:
வால்வுதான், அதிலும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வாகத்தான் இருக்கும். கேஸில் ஓடும் பழைய எஞ்சினில் இது வழக்கம். வால்வு உட்காரும் வளையமான சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) குறைந்துகொண்டே வரும். சத்தம் வராது, வண்டி முன்பைவிட அமைதியாக இருப்பதாகக்கூடத் தோன்றும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. இடைவெளி போய்விட்டால் வால்வு முழுசாக மூடாது. வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட்டில் உட்காரும்போதுதான் இறங்கும், உட்காராத வால்வின் ஓரம் கருகிப்போகும். ஐடிலிங்கில் கசிவதற்கு நேரம் அதிகம், அதனால் மிஸ்ஸிங். வேகத்தில் நேரம் குறைவு, அதனால் தெரியவில்லை.

ஹெட்டை (வால்வுகள் இருக்கும், சிலிண்டர்களின் மேல்பாகம்) கழற்றும் முன் மேல் கவரை எடுத்து டேப்பெட் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓர் அளவு, சூட்டில் வேறு அளவு, கையேட்டில் இரண்டும் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சேலம்_எட்டுநூறு:
மூன்றாவது எக்ஸாஸ்டில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) உள்ளேயே போகவில்லை சார், மெல்லிய பிளேடுகூட நுழையவில்லை. மற்றவை ஓரளவு சரி. செட் செய்த பிறகு கம்ப்ரஷன் 120க்கு வந்தது. மிஸ்ஸிங் பாதி குறைந்திருக்கிறது, போகவில்லை.

கொங்கு_கியர்:
அப்போ ஓரம் கருகிவிட்டது, ஹெட் இறக்க வேண்டியதுதான். அதுவரை மலைப்பக்கம் போகாதீர்கள். வண்டி சென்னையில் பதிவானதா? 1995 ஏப்ரலுக்குப் பிறகு சென்னையில் விற்ற பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி) கட்டாயம். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் அதுவும் காலி.

டேப்பெட்_தாத்தா:
ஆமாம். லேத்தில் கொடுக்கும்போது வால்வை மட்டும் மாற்றி லேப்பிங் செய்து (சீட்டோடு தேய்த்துப் பொருத்தி) கொடுத்துவிடுவார்கள். கேஸில்தான் தொடர்ந்து ஓட்டுவீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் சீட்டும் கெட்டி ரகமாகப் போடச் சொல்லுங்கள், கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) ஆட்டம் பாருங்கள், வால்வு சீல் புதிது போடுங்கள், ஹெட் அடிப்பாகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் எப்படியும் கழலும், பழையதைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். வால்வு மாட்டியதும் ஹெட்டைச் சாய்த்து எக்ஸாஸ்ட் ஓட்டைக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அந்தப் பக்கம் வால்வு ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். கசிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வண்டியில் ஏற்றிய பிறகு பேசி பிரயோஜனம் இல்லை.