“பாலியல் தொழிலாளி” என்ற சொல்லை ஏற்கலாமா?

கல்லடி வாசகி:
போன ஞாயிறு எங்கள் வாசிப்பு வட்டத்தில் பெரிய வாக்குவாதம். நான் “பாலியல் தொழிலாளி” என்று சொல்ல, ஒரு அக்கா “அதைத் தொழில் என்றால் பெண்பிள்ளைகளை விற்கிறவனுக்குத்தான் வசதி” என்று கோபப்பட்டுவிட்டார். இரண்டு நாளாக அதே யோசனை. பெண்ணியம் பேசுகிற நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது? இலங்கையில் இது குற்றமா என்பதே எனக்குத் தெளிவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி:
தங்கச்சி, பலரும் பிழையாக விளங்கியிருப்பது இதைத்தான். வயது வந்த ஒருவர் பணத்துக்குப் பாலுறவு கொள்வதை மட்டும் தனியே குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. பிடிப்பதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன இரண்டு கட்டளைச் சட்டங்களால். 1841இன் அலைந்து திரிவோர் சட்டம் தெருவில் ஆள் அழைப்பதற்கு, 1889இன் விபச்சார விடுதிகள் சட்டம் விடுதி நடத்துவதற்கு. நடைமுறையில் இரவில் பஸ் நிலையத்தில் நிற்கிற ஏழைப் பெண்ணும் திருநங்கையும்தான் முதலாவதில் மாட்டுகிறார்கள். ஒருத்திக்காக நான் ஆஜரானேன். வழக்குப் பேசலாம் என்றேன். “தவணைக்குத் தவணை வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் மிஸ்” என்று குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளோடு நின்ற ஆணின் பெயர் வழக்கேட்டில் எங்கேயும் இல்லை.

ஆரையம்பதி:
கோபப்பட்ட அக்கா நான்தான். யுத்தத்தில் புருஷனை இழந்து, நுண்கடன் வாங்கி, கிழமைக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கிறவனுக்குப் பயந்து வாழ்கிற பெண்களோடு பல வருடம் பழகியிருக்கிறேன். அந்த நெருக்கடியில் ஒருத்தி போனால் அதை “அவளுடைய விருப்பம்” என்று எழுத எனக்குக் கை வராது. சுவீடன் 1999இல் செய்ததுபோல வாங்குகிறவனைப் பிடியுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

கல்முனைக் களப்பணியாளர்:
அக்கா, நெருக்கடி பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் வாங்குகிறவன் பொலிசுக்குப் பயந்தால் இருட்டான இடத்துக்குத்தான் கூப்பிடுவான், ஆளை எடைபோட அவளுக்கு நேரம் கிடைக்காது. சுவீடன் வழியைப் பற்றித் தொழிலில் உள்ளவர்களே சொல்கிற குறை இது. நியூசிலாந்து 2003இல் குற்றத்தையே நீக்கியது. அங்கே எந்த நேரத்திலும் “மாட்டேன்” என்று சொல்ல அவளுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. “பாலியல் தொழில்” என்ற சொல்லைப் பரப்பியதும் தரகர்கள் இல்லை, அந்தத் தொழிலில் இருந்த கரோல் லீ என்ற அமெரிக்கப் பெண், 1970களின் கடைசியில்.

இன்னொன்று. 1864இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது, இந்தத் தொழில் செய்கிறாள் என்று சந்தேகப்படுகிற பெண்ணைப் பொலிஸ் பிடித்துக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று. அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடியவர் ஜோசபின் பட்லர், 1886இல்தான் அது ஒழிந்தது. அவரும் உங்களைப் போலத்தான் அக்கா, அந்தத் தொழிலை வெறுத்தவர். ஆனால் அந்தப் பெண்களைப் பொலிசின் கையில் கொடுக்க மறுத்தார். என்னிடம் வருகிறவர்கள் கேட்பதும் விருப்பமா கட்டாயமா என்று இல்லை. “அடித்தவன்மேல் முறைப்பாடு கொடுக்கப் போனால் என்னைப் பிடிப்பார்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஆரையம்பதி:
முறைப்பாடு விஷயத்தில் நான் உங்களோடு, 1841ஐயும் தூக்கத்தான் வேண்டும். சொல்லை இன்னும் ஏற்கவில்லை. ஞாயிறு வட்டத்துக்கு நீங்களும் வாருங்கள், பேசுவோம்.