கொழுப்பு காட்டும் எடை மெஷின் வாங்கலாமா?

மடிப்பாக்கம்வாசி:
வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. "சர்க்கரை வாசல்ல நிக்குது, எடையை விட வயித்தைக் குறைக்கப் பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசில் இரண்டு பேர் ஸ்மார்ட் எடை மெஷின் வைத்திருக்கிறார்கள். ஏறி நின்றால் கொழுப்பு, தசை, எலும்பு, நீர், உள்ளுறுப்புக் கொழுப்பு என்று வரிசையாக போனில் வருகிறது. விலை இரண்டாயிரம் சொச்சம். வாங்கலாமா? வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதா மெஷின் இருப்பதால், மனைவியிடம் சொல்ல உருப்படியான காரணம் ஒன்று வேண்டும்.

தராசுத்தட்டு:
வேண்டாம் சார். மருத்துவக் கருவிகள் சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். அந்த மெஷின் உண்மையில் அளப்பது இரண்டே சங்கதி: எடை, மின்தடை. பாதத்துக்குக் கீழே இருக்கும் தகடு வழியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், அனுப்புகிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடுக்கும். இந்தத் தடையோடு நீங்கள் ஆப்பில் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு, உடம்பில் இவ்வளவு நீர் என்று கணிக்கிறது. கொழுப்பில்லாத உடம்பில் சுமார் 73 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டு அடுத்த கணக்கு. மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு. எலும்பு எடை என்று ஒன்று காட்டுமே, அந்த மெஷின் எலும்பைப் பார்த்ததே கிடையாது. அதுவும் கணக்கில் விழுந்த எண்தான்.

உங்கள் பிரச்சினை வயிறு. மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. தொப்பைப் பக்கம் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இருபது ரூபாய்க்குத் தையல்காரர் டேப் வாங்குங்கள்.

மாரத்தான்மாமா:
தராசு சார் எப்போதும் இப்படித்தான், எதைக் கேட்டாலும் "வேண்டாம்". வீட்டு பிபி மெஷினும் சூத்திரம்தானே? பட்டைக்குள் வரும் அதிர்வை அளந்து, மேல் அழுத்தம் கீழ் அழுத்தம் இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. அதை நம்பி மாத்திரை அளவையே மாற்றுகிறோம்.

நம் ஆட்களுக்கு வெறும் எடை போதாது என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷினில் இருவரும் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. மடிப்பாக்கம் சாரின் பிஎம்ஐ 23.4 வருகிறது. சாதா மெஷின் அவருக்கு என்ன சொல்லிவிடும்?

எண் துல்லியமாக இல்லாவிட்டால் போகட்டும், போக்கைப் பாருங்கள். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், வெறுங்காலோடு. தினமும் வரும் எண்ணைக் கண்டுகொள்ளாமல் வாரச் சராசரியை மட்டும் பார்த்தால் போதும். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சும்மா_வந்தேன்:
காலுறையோடு ஏறுங்கள். எடை மட்டும் வரும், கொழுப்பு வராது. நிம்மதி.

தராசுத்தட்டு:
யாஜ்னிக், யட்கின் இருவருக்கும் கொழுப்பை அளந்தது டெக்ஸா ஸ்கேனில், மாமா. பாத்ரூம் மெஷினில் இல்லை. எலும்பு அடர்த்தி பார்க்கிற அதே எக்ஸ்ரே கருவி. அந்த உதாரணம் "நமக்குக் கொழுப்பு முக்கியம்" என்று சொல்கிறது. "இந்த மெஷின் அதை அளக்கும்" என்று சொல்லவில்லை. பிபி மெஷினோடும் ஒப்பிட முடியாது. அதை ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுக்கும் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க சர்வதேச நெறிமுறை இருக்கிறது. உங்கள் கொழுப்பு மெஷினின் பெட்டியில் எந்த ஊர்க்காரர்களை வைத்து அந்தச் சூத்திரத்தைப் போட்டார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள்.

அடுத்து போக்கு. எல்லோரும் சொல்வது இது. பிழை எப்போதும் ஒரே அளவில் இருந்தால்தான் போக்கு சரியாக வரும். ஆனால் மெஷின் வாங்கும் ஆள் அதே வாரத்தில் சோற்றைக் குறைக்கிறார். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருந்த சர்க்கரை கரைகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் நீரும் வெளியேறும். எடை மளமளவென்று இறங்கும், உடம்பில் நீர் குறைந்ததால் மின்தடை ஏறும், மெஷின் "தசை குறைகிறது" என்று பயமுறுத்தும். ஜிம்மில் சேர்ந்து கிரியாட்டின் என்ற சத்துப்பொடி சாப்பிட்டால் தசையில் நீர் ஏறும், "தசை கூடிவிட்டது" என்று கைதட்டும். இன்னொன்று, ஏறுவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துப் பாருங்கள். எடை அரைக் கிலோ கூடும், வயிற்றில் இருக்கும் தண்ணீர் மின்தடையை மாற்றாது. அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும்.

ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மச்சானின் மெஷினில் ஏறி எடுத்துவிட்டு, அதை மட்டும் தட்டிவிட்டு உடனே மறுபடி ஏறினேன். கொழுப்பு ஐந்து சதவீதப் புள்ளி இறங்கிவிட்டது. அதே கால், அதே தகடு. சூத்திரம்தான் வேறு.

எழில்_பிசியோ:
தராசு அண்ணா சொல்லும் கோளாறெல்லாம் உண்மைதான். ஆனால் "டேப் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் டேப்பை பேண்ட் பெல்ட் இருக்கும் இடத்தில் சுற்றுகிறார்கள், அதாவது தொப்பைக்குக் கீழே. அங்கே அளந்தால் பத்து வருடமாக அதே 34 அங்குலம்தான் வரும். கடைசி விலா எலும்பின் அடிப்பக்கத்தையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்ட கடைசியில் எண்ணைப் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அப்புறம், கொழுப்பைப் பற்றியே பேசுகிறோம், தசையை விட்டுவிட்டோம். எடை குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, சரசரவென்று எடை குறைந்தவர்களை அடிக்கடி பார்க்கிறேன். குறைவது எல்லாம் கொழுப்பு இல்லை, அதில் ஒரு பங்கு தசையும் சேர்ந்துதான் போகிறது. அறுபது தாண்டியவர்களுக்கு இது கவலைதான். அதற்கும் இந்த மெஷினை நம்பச் சொல்ல மாட்டேன். கை இல்லாத நாற்காலியில் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி உட்கார்ந்து, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். 12 விநாடி, அதற்கு மேல் ஆனால் யோசிக்க வேண்டும். கையால் இறுக்கிப் பிடிக்கும் வலிமைக்கு, தசை இழப்பு பற்றிய ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வைத்த கீழ் எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18. இரண்டிலும் உடம்பு என்ன செய்கிறது என்று நேரே தெரிகிறது.

பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் கோக்கும். அந்த வார எண்ணைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். முந்தின வாரத்தோடு ஒப்பிட்டு அழ வேண்டாம்.

மாரத்தான்மாமா:
பாருங்கள், டேப்பிலும் தகராறு இருக்கிறது! நான் அளந்தால் 88, என் மனைவி அளந்தால் 91. எந்த எண்ணை நம்புவது? மெஷினாவது ஆளுக்கு ஆள் பாரபட்சம் பார்க்காது.

எழில் மேடம் சொன்ன அதே 'அதே வாரத்தோடு ஒப்பிடு' கணக்கைத்தான் நானும் சொல்கிறேன். சோற்றைக் குறைத்த முதல் இரண்டு வாரத்தில் நீர் போகும், அப்புறம் உடம்பு ஒரு நிலைக்கு வந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து கணக்கை ஆரம்பித்தால் தராசு சார் சொன்ன கிளைகோஜன் கதை அடிபட்டுப் போகிறது.

மடிப்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. எழில் மேடம் சொன்ன இடத்தில் அளந்தேன், 94 வருகிறது. பேண்ட் சைஸ் 34 என்பதால் இத்தனை நாள் தைரியமாக இருந்தேன்.

நேற்று பக்கத்து ஜிம்மில் கைப்பிடியோடு இருக்கும் பெரிய மெஷினில் இலவசமாகப் பார்த்தார்கள். 'உடல் வயது 51' என்று ஒரு சீட்டு அடித்துக் கொடுத்து, கையோடு பன்னிரண்டாயிரம் ரூபாய் பேக்கேஜையும் நீட்டினார்கள். இந்த உடல் வயது என்பது என்ன கணக்கு?

தராசுத்தட்டு:
வியாபாரக் கணக்கு. சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு கலோரி எரிக்கும் என்பதை, ஏற்கெனவே கணித்த கொழுப்பில்லாத எடையிலிருந்து இன்னொரு சூத்திரத்தால் எடுக்கிறார்கள். அந்த அளவு எந்த வயதுக்காரர்களின் சராசரியோடு ஒத்துப்போகிறதோ அதுதான் உங்கள் 'உடல் வயது'. கணிப்பின் மேல் கணிப்பின் மேல் கணிப்பு. எந்த நேரத்தில் ஏறினீர்கள்?

மடிப்பாக்கம்வாசி:
சாயங்காலம் ஏழு மணி. டீயும் பஜ்ஜியும் சாப்பிட்ட பிறகு.

மாரத்தான்மாமா:
பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மெஷினைக் குறை சொன்னால் எப்படி! கைப்பிடி இருந்தால் மின்சாரம் கையிலிருந்து உடம்பின் நடுப்பகுதி வழியாகவும் போகும், தொப்பை விட்டுப்போகாது. வீட்டு மெஷினிலும் கைப்பிடி வைத்த மாடல் உண்டு, விலை கூடும். வாங்கினால் அதை வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தராசுத்தட்டு:
ஹெச்பிஏ1சி குறைந்திருந்தால் மெஷின் எதற்கு? குறையாவிட்டால் அப்போதும் மெஷின் எதற்கு?

மாரத்தான்மாமா:
நடுவில் மூன்று மாதம் இருக்கிறதே சார். தினமும் காலையில் ஒரு எண் கண்ணில் பட்டால்தான் சில பேர் ஷூவையே மாட்டுவார்கள்.

எழில்_பிசியோ:
சில பேர் அதே எண்ணைப் பார்த்துவிட்டு அன்று சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள் மாமா, கல்லூரிப் பிள்ளைகள் முக்கியமாக. அவர்கள் இருக்கும் வீட்டில் இதை ஹாலில் வைக்காதீர்கள். மடிப்பாக்கம் சார், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் உண்டா? கர்ப்பிணி யாராவது? அவர்கள் இதில் ஏறக் கூடாது என்று தயாரிப்பாளர்களே குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள்.

மடிப்பாக்கம்வாசி:
மாமனாருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. எங்களோடுதான் இருக்கிறார். கண்ணில் படும் எடை மெஷினில் எல்லாம் ஏறிப் பார்ப்பவர், சொன்னால் கேட்க மாட்டார்.

எழில்_பிசியோ:
அப்படியானால் அவருக்கு அந்தச் சாதா மெஷினே இருக்கட்டும். எடையை மட்டும் காட்டும்படி மாற்றிக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு, ஆனால் தினமும் யார் மாற்றிக்கொண்டிருப்பது?

மடிப்பாக்கம்வாசி:
மனைவியிடம் சொன்னேன். "அப்பா ஏறுகிற வீட்டில் அதெல்லாம் வேண்டாம்" என்றாள், பேச்சு முடிந்தது. தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன். மாரத்தான் சார், மூன்று மாதம் கழித்து ரிசல்ட்டோடு வருகிறேன். அதுவரை காலையில் ஷூ மாட்ட வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

மாரத்தான்மாமா:
காலை ஐந்தரைக்கு வேளச்சேரி ஏரிக்கரை. வந்துவிடுங்கள். பஜ்ஜி கிடையாது.