அவசரம்: டவர் சாய்ந்துவிட்டது, எப்படி நிமிர்த்துவது? (மண்டபம்)

மண்டபம்கரை:
வணக்கம். ராத்திரி அடித்த கச்சான் காற்றில் (மேல்காற்று) என் ஹாம் ரேடியோ டவர் சாய்ந்துவிட்டது. உச்சியில் 20 மீட்டர் பேண்டுக்கான பீம் (ஒரு திசையை நோக்கும் ஆண்டெனா) அப்படியே நிற்கிறது. எதிர்ப்பக்க ஸ்டே கம்பியின் (டவரை இழுத்துப் பிடிக்கும் கம்பி) டர்ன்பக்கிளை, அதாவது இறுக்கும் திருகை, முறுக்கினால் நிமிர்ந்துவிடுமா? இல்லை, மேலே ஏறி பீமை முதலில் இறக்கவா? மத்தியானத்துக்கு மேல் மறுபடி காற்று பிடித்துவிடும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

உச்சிப்புளி73:
ஏறாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். டவர் எத்தனை அடி? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? ஸ்டே எத்தனை அடுக்கு? பக்கத்தில் கரண்டு லைன் உண்டா?

தொண்டி வெல்டர்:
அடிப்பீடம்தான் காரணமாக இருக்கும். கடற்கரை மணலில் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சுற்றிலும் நாலடி தோண்டிக் கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும். படம் போடுங்கள்.

பழைய மோர்ஸ்:
ஆடி பிறந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்கு ஓம் விதியைப் படித்தால் போதும், டவர் நட்டுவிடலாம் என்று இப்போதுள்ள பிள்ளைகள் நினைக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டவர் மீது விழும் விசை நான்கு மடங்காகும். காற்று வரம்பைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிற ஊர் இது. இதையெல்லாம் நடுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மண்டபம்கரை:
40 அடி, மூன்று கால் லாட்டிஸ் (கம்பிச் சட்டக டவர்). ஸ்டே இரண்டு அடுக்கு, மேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு. கிழக்கே சாய்ந்திருக்கிறது. பீடத்தில் விரிசல் இல்லை. கிழக்கே ரோட்டோரம் ஈ.பி. லைன் போகிறது, முப்பதடி தூரம் இருக்கும்.

உச்சிப்புளி73:
தம்பி, இதைத்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். 40 அடி டவர், 30 அடியில் லைன், சாய்வும் அதே பக்கம். விழுந்தால் லைன் மீதுதான் விழும். இப்போதே ஈ.பி. ஆபீசுக்கு ஆள் அனுப்பி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டதாக லைன்மேன் நேரில் வந்து சொல்லும்வரை டவரையோ ஸ்டே கம்பியையோ யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் ஐம்பதடிக்கு அந்தப்பக்கம் நிறுத்துங்கள். ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கீழக்கரைக்காரன்:
டிராக்டரில் படகுக் கயிறு கட்டி மேற்கே இழுத்தால் ஒரு நிமிட வேலை. எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம்.

தேவிபட்டினம் டீச்சர்:
வேண்டாம் காக்கா (அண்ணே). நைலான் கயிறு இழுபடும். டிராக்டர் போகும், டவர் அசையாது, அப்புறம் ஒரே வெட்டில் வரும். இரண்டாவது அடுக்குக்கு மேலே இருக்கிற துண்டு மடங்கிவிட்டால் பீமோடு கீழே வரும்.

உச்சிப்புளி73:
டீச்சர் சொல்வது சரி. டர்ன்பக்கிளையும் முறுக்க வேண்டாம். கிழக்கே சாய்ந்திருக்கிறது என்றால் மேற்குப் பக்கப் பிடிதான் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒன்று, கிளாம்பில் கம்பி வழுக்கியிருக்கும். இல்லையென்றால் ஆங்கர் (ஸ்டே கம்பியை மண்ணில் பிடித்திருக்கும் புதைபிடி) மேலே எழும்பியிருக்கும். எழும்பிய ஆங்கரை முறுக்கினால் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆங்கர் கம்பியை மண்மட்டத்தில் பாருங்கள். நம் கரையில் உப்பு ஈரம் தங்குவது அங்கேதான். மேலே ஜி.ஐ. (துத்தநாக) பூச்சு பளபளவென்று இருக்கும், ஒரு சாண் கீழே கை வைத்தால் துரு ஏடு ஏடாகக் கழன்று வரும், உள்ளே விரல் கனம்கூட மிச்சம் இருக்காது. ஆனால் கையால் லேசாக மணலை ஒதுக்கிப் பார்த்தால் போதும், மண்வெட்டி போடாதீர்கள். மிச்சம் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மண்தான்.

லைன் நின்ற பிறகு, விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். பழைய ஆங்கருக்கு அப்பால், அதே நேர்கோட்டில், நாலைந்தடி ஆழத்தில் ஒரு பனங்கட்டையை இழுக்கும் திசைக்குக் குறுக்கே புதைத்து, கம்பி கட்டி, மண்ணைத் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். மேற்குக் கம்பிகள் இரண்டையும் ஆள் உயரத்தில் கிரிப் போட்டுப் பிடித்துக் கை வின்ச்சில் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கிழக்கே தொய்ந்து கிடக்கும் கம்பிகளை அவிழ்க்காதீர்கள். நிமிர நிமிர அவை தானே இறுகும், டவர் மறுபக்கம் போகாமல் பிடிப்பதும் அவைதான். கொத்தனார் தூக்குக்குண்டை ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு பக்கத்திலிருந்து பிடித்துப் பாருங்கள்.

பழைய மோர்ஸ்:
இத்தனை பாடு எதற்கு? உப்புக்கடல் வாசலில் இருப்பவருக்கு டவரே தேவையில்லை. தண்ணீர் ஓரத்தில் 5 மீட்டர் வெர்டிகல் (செங்குத்து ஆண்டெனா) ஒன்று நட்டால் 20 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைநீளம் ஆகிவிடும். ரேடியோ அலைக்கு உப்புத்தண்ணீர் தரும் தரை (எர்த்) எந்த டவருக்கும் கிடைக்காது.

தேவிபட்டினம் டீச்சர்:
வெர்டிகலுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், இரைச்சலும் எல்லாப் பக்கமிருந்தும் வரும். ஐரோப்பாவை மட்டும் கேட்க நினைப்பவருக்கு பீம் வேண்டும்.

பழைய மோர்ஸ்:
நான் அலையோரத்தில் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் ஊரில் அலை ஏது?

தேவிபட்டினம் டீச்சர்:
அலை இல்லாவிட்டால் என்ன, எங்கள் ஊர் நவபாஷாணம் (கடலுக்குள் இருக்கும் நவகிரகக் கற்கள்) நிற்பதும் உப்புத்தண்ணீரில்தான் சார். வெர்டிகல் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. புயல் நாளில் சட்டென்று இறக்கி வைக்கலாம், அதற்காகவே ஒன்று இருக்கட்டும். 2004 சுனாமியில் போர்ட்பிளேரிலிருந்து ஹாம்கள்தான் சேதி அனுப்பினார்கள். ஆண்டெனா நின்றால்தானே அதெல்லாம்?

தொண்டி வெல்டர்:
பீடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் இன்னமும் அதைத்தான் சொல்வேன்.

உச்சிப்புளி73:
மண்டபம் தம்பி, லைன் நிறுத்தினார்களா? பதிலே காணோமே.

மண்டபம்கரை:
லைன் அன்றைக்கே நிறுத்தினார்கள். ஆங்கர் கம்பிதான், நீங்கள் சொன்ன அதே இடத்தில் தேய்ந்திருந்தது. பனங்கட்டை புதைத்து நிமிர்த்தியாச்சு, பீமும் இறக்கியாச்சு. மேற்கில் புதிய ஆங்கருக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. 73 (ஹாம் பாஷையில் வாழ்த்துகள்).

தேவிபட்டினம் டீச்சர்:
ரொம்ப சந்தோஷம். மற்ற இரண்டு ஆங்கரையும் தோண்டிப் பார்த்தீர்களா? கம்பி மாற்றும்போது யு கிளாம்பின் வளைவு குட்டை வால் பக்கமும், சேணம் (யு வளைவு ஏறும் அடித்துண்டு) பாரம் இழுக்கும் கம்பியிலும் உட்கார வேண்டும்.

கீழக்கரைக்காரன்:
புதிய ஆங்கர் கம்பிக்கு மண்ணுக்குள் என்ன பூசப் போகிறீர்கள்? தாரா, எபாக்சியா? எனக்கும் மூன்று ஆங்கர் இருக்கிறது.