25 நாளா, ஒரு மாதமா? இந்தோனேசிய பாமாயில் தடை பற்றி ஒரு சின்னத் திருத்தம்

நவசேவா பெருசு:
நேற்று நம் சந்தை சாணக்கியன் இங்கே நீளமாக எழுதியிருந்தார். "இந்தோனேசியா 2022-ல் ஒரு மாதம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. அன்றோடு அதன் பேர் கெட்டது. இனி இந்த வியாபாரம் மலேசியா பக்கம்தான்" என்று முடித்திருந்தார். மும்பைத் தமிழர்கள் அத்தனை பேரும் கைதட்டியாயிற்று. நான் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு மாதம் இல்லை. ஏப்ரல் 28-ல் தொடங்கி மே 23-ல் எடுத்தார்கள். ஏப்ரலில் 3 நாள், மேயில் 22 நாள். ஆக 25. கப்பல் சரக்கைப் பற்றி எழுதுகிறவர் காலண்டரையாவது பார்க்க வேண்டாமா?

சந்தை சாணக்கியன்:
வணக்கம் பெரியவரே. அவ்வளவு எழுதியதில் உங்கள் கண்ணில் பட்டது இதுதானா? அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ தடையை அறிவித்தது ஏப்ரல் 22. சிகாகோ சந்தையில் சோயா எண்ணெய் விலை அன்றைக்கே எகிறியது. 22-லிருந்து எண்ணுங்கள், 31 நாள் வரும். வியாபாரிக்கு அறிவிப்பு வந்த அன்றே தடை வந்தாச்சு. நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவர்களுக்குத்தான் 28-ம் தேதி.

நவசேவா பெருசு:
பத்திரிகை அடித்த அன்றைக்கே தாலி கட்டியாகிவிட்டதா சார்? 22-ல் பொதுவாகச் சொன்னார்கள். 26-ல் வந்து, "சுத்திகரித்த பாமோலின் (பாமாயிலில் உறையாத திரவப் பகுதி) மட்டும்தான், கச்சா பாமாயில் போகலாம்" என்றார்கள். 27-ல் அதையும் மாற்றி, கச்சாவும் கூடாது என்றார்கள். 28 நள்ளிரவு அமலுக்கு வந்தது. இதில் எந்த அறிவிப்பிலிருந்து எண்ணுகிறீர்கள்?

அப்புறம், நான் நாற்காலியில் உட்கார்ந்தவன் இல்லை. 31 வருஷம் கப்பல் தொட்டிக்குள் நாடா இறக்கி அளந்தவன். பாமாயில் ஆறினால் நெய் மாதிரி உறைந்துபோகும். அதனால் தொட்டிக்குள்ளேயே சூட்டுக் குழாய் ஓடும். மேலே ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் மூன்றையும் குறித்து, சராசரி எடுத்து, அதை வைத்துத்தான் எடை போடுவோம். பத்தாயிரம் டன் சரக்கில் இரண்டு டிகிரி தப்பாக எழுதினால் பத்துப் பதினைந்து டன் காகிதத்தில் காணாமல் போகும். அப்படிப்பட்ட வேலை பார்த்தவனிடம் 25-ஐ 31 என்று சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு போக முடியுமா?

தாராவி தட்டை:
அண்ணன்மார்களே, 25-ஓ 31-ஓ, எங்களுக்கு அந்த வருஷம் முழுக்கத் தடைதான். 15 கிலோ டின் வாங்கப் போனால், "காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை, இருந்தால் எடு" என்றார் கடைக்காரர். கோலாலம்பூர் சந்தையில் அந்த மார்ச்சிலேயே டன் 7,000 மலேசிய ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. முறுக்கு விலையை ஏற்ற முடியவில்லை. பத்து போட்ட பாக்கெட்டில் எட்டு போட்டேன்.

செம்பூர் அக்கா:
தம்பி, நல்ல வேளை நீயே சொன்னாய். செப்டம்பருக்குள் 4,000 ரிங்கிட்டுக்குக் கீழே வந்துவிட்டதே, உன் பாக்கெட்டில் இன்னும் ஏன் எட்டே இருக்கிறது?

தாராவி தட்டை:
அக்கா, கேஸ், கூலி, அரிசி மாவு எல்லாம் இருக்கிறதே. பாமாயில் மட்டும் இறங்கினால் போதுமா?

செம்பூர் அக்கா:
ஏறும்போது பாமாயில் மட்டும் ஏறினால் போதுமாக இருந்தது.

சந்தை சாணக்கியன்:
அக்கா, முறுக்கை விடுங்கள். நான் சொன்னது போக்கு. எண்ணிக்கை இல்லை, போக்கு. ஒரு நாடு ஒரு மாதம் கடையை மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவான்.

நவசேவா பெருசு:
25 நாள்.

சந்தை சாணக்கியன்:
ஒரு மாதம்.

நவசேவா பெருசு:
சரி, போக்கையே பேசுவோம். அடுத்த கடையில் சரக்கு எங்கே இருக்கிறது? மலேசியா வருஷத்துக்கு 1.9, 2 கோடி டன் எடுக்கிறது. இந்தோனேசியா நாலரைக் கோடிக்கும் மேலே. இரண்டும் சேர்ந்தால் உலக உற்பத்தியில் ஏறத்தாழ 85 சதவீதம். தடை முடிந்ததும் என்ன நடந்தது? 25 நாளில் அவர்கள் ஊர் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. எண்ணெய் ஆலைகள் பழக்குலை வாங்க மாட்டோம் என்றன, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் ஏற்றுமதித் தீர்வையையே தள்ளுபடி செய்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொட்டினார்கள். விலை சரிந்தது அதனால். நம் ஆட்கள் கோபித்துக்கொண்டு மலேசியாவுக்கா போனார்கள்? மலிவாகக் கிடைத்த இடத்துக்குப் போனார்கள்.

இந்தோனேசிய ஏற்றுமதி குறைகிறது என்றால் அதற்குக் காரணம் தடை இல்லை, டீசல். பாமாயிலிலிருந்து எடுத்த எரிபொருளை 2020-ல் டீசலில் 30 சதவீதம் கலந்தார்கள், 2023-ல் 35, 2025-ல் 40. அவ்வளவும் அவர்கள் லாரியிலேயே எரிகிறது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி உண்டா?

கிள்ளான் மருமகன்:
நான் சயானில் பெண் எடுத்த மலேசியக்காரன். இரண்டு விஷயம். கட்டுரையில் "பாமாயில் மரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அது செம்பனை. என் தாத்தா நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை அறுத்தவர். இரண்டாவது, இந்தோனேசியாவை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? 2020 ஜனவரி 8-ல் உங்கள் அரசாங்கம் சுத்திகரித்த பாமாயிலுக்குத் தடை போட்டதே, அது யார் தலையில் விழுந்தது? 2019-ல் எங்களிடம் 44 லட்சம் டன் வாங்கி முதல் வாடிக்கையாளராக இருந்தவர்கள் நீங்கள். அப்போது எங்கள் பிரதமராக இருந்த மகாதீர் காஷ்மீரைப் பற்றி வாய் திறந்தார், முடிந்தது.

நவசேவா பெருசு:
தம்பி, அது தடை இல்லை. கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டார்கள், உரிமம் வாங்கிக் கொண்டுவரலாம் என்று. கச்சா பாமாயிலுக்கு அதுவும் கிடையாது. காரணம் மகாதீர் என்று எந்த உத்தரவிலும் இல்லை.

சந்தை சாணக்கியன்:
ஆகா! இந்தோனேசியாவுக்கு நாள் கணக்கு, இந்தியாவுக்குச் சொல் கணக்கு. இதற்கு எத்தனை டிகிரி சூடு பெரியவரே?

மாட்டுங்கா நல்லெண்ணெய்:
எதற்கு இந்தச் சண்டை? எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் தவிர வேறு எதுவும் நுழைந்ததே இல்லை.

செம்பூர் அக்கா:
மாமா, உங்கள் வீட்டுப் பிஸ்கட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஊருக்குப் போனால் உங்கள் தங்கை வீட்டில் ரேஷன் பாமாயில் 25 ரூபாய்ப் பாக்கெட்டில்தான் அப்பளம் பொரிக்கிறார்கள். போன தையில் நீங்களும் சாப்பிட்டீர்கள், எனக்குத் தெரியும்.

மாட்டுங்கா நல்லெண்ணெய்:
அது விருந்தாளியாகப் போன இடம். அதை எல்லாம் பொதுவில் எழுத வேண்டுமா?

நவசேவா பெருசு:
பேச்சை மாற்றாதீர்கள். கிள்ளான் தம்பி சொன்னதில் பாதி சரி, மலேசியாவுக்கு அடி விழுந்தது. ஆனால் அதே உத்தரவில் வேடிக்கையான அடி வாங்கியது நேபாளம். வெளியிலிருந்து கச்சா பாமாயில் வாங்கி, சுத்திகரித்து, தெற்காசிய வர்த்தக ஒப்பந்தத்தில் இறக்குமதித் தீர்வை இல்லாமல் நமக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செம்பனையே விளையாத மலைநாட்டுக்கு அப்போது பாமாயில்தான் முதல் ஏற்றுமதிச் சரக்கு! எண்ணெய் எந்தத் துறைமுகத்துக்கு, எந்த ரூபத்தில் போகும் என்று தீர்மானிப்பது நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. தீர்வை. 2025 மே கடைசியில் கச்சாவுக்கு 16.5 சதவீதம், சுத்திகரித்ததற்கு 35.75 என்று ஆக்கினார்கள். இடைவெளி 19.25. கச்சாவாக வாங்கி இங்கே சுத்திகரிப்பவர்களுக்குத்தான் லாபம்; குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்துச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் இனிப்பு கொடுத்திருப்பார்கள்.

சந்தை சாணக்கியன்:
எல்லாம் சரி. ஆனால் 2023-24-ல் 90 லட்சம் டன் சுற்றி இருந்த நம் பாமாயில் இறக்குமதி அடுத்த வருஷம் 75 லட்சத்துக்கு வந்துவிட்டதே. நம்பிக்கை போகாமலா?

நவசேவா பெருசு:
பாமாயில் விலை சோயாவைத் தாண்டிப் போனது. அதனால் சோயா வாங்கினார்கள். நீங்கள் வெண்டைக்காய் விலை ஏறினால் அவரைக்காய் வாங்குவதில்லையா? வெண்டைக்காய் மேல் நம்பிக்கை போயா?

கிள்ளான் மருமகன்:
செம்பனை.

நவசேவா பெருசு:
என்ன தம்பி?

கிள்ளான் மருமகன்:
மறுபடியும் எல்லோரும் பாமாயில் பாமாயில் என்றே எழுதுகிறீர்கள்.

மாட்டுங்கா நல்லெண்ணெய்:
மரம் செம்பனை என்றால், பதநீர் இறக்க முடியுமா அதில்?

கிள்ளான் மருமகன்:
ஐயா, நீங்கள் சொல்வது வேறு பனை.

சந்தை சாணக்கியன்:
பெரியவரே, உண்மையைச் சொல்லுங்கள். பொங்கல் சாப்பாட்டுக் கணக்கில் நான் பொருளாளராக இருந்தபோது நூறு இலை என்று எழுதியதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதானே இந்த 25 நாள் பாட்டு?

நவசேவா பெருசு:
73 இலை. நான் நின்று எண்ணினேன். நூறு என்று எழுதினீர்கள். அன்றைக்கும், "தோராயமாகச் சொன்னேன்" என்றீர்கள். 73 உங்களுக்கு நூறு, 25 உங்களுக்கு முப்பத்தொன்று.

சந்தை சாணக்கியன்:
27 பேர் பார்சல் வாங்கிப் போனார்கள்!

நவசேவா பெருசு:
பார்சல் 11. சாம்பார் வாளி பக்கத்தில் நின்றதே நான்தான்.

செம்பூர் அக்கா:
அந்தப் பதினொன்றில் இரண்டு என்னுடையது. அப்பளம் வைக்கவே இல்லை.

தாராவி தட்டை:
எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். தீபாவளிக்கு இருபது டின் எடுக்க வேண்டும். இப்போது எடுக்கட்டுமா, இரண்டு வாரம் பொறுக்கட்டுமா? அதை யாராவது சொல்லுங்கள்.

சந்தை சாணக்கியன்:
பொறு தம்பி. ஒரு மாதம் பொறு.

நவசேவா பெருசு:
எத்தனை நாள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள் தம்பி. இவர் மாதம் எங்கே தொடங்கும் என்று இவருக்கே தெரியாது.