பழைய ரெக்கார்டுகளை மிக்ஸ் செய்து லேப்டாப்பில் பதிந்தால் ஒலி உடைகிறது

சாட்ஸ்வொர்த்_தட்டு:
வணக்கம். அப்பா இங்கே டர்பன் நகரின் கிரே ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கிச் சேர்த்த தமிழ்ப் படப் பாட்டு ரெக்கார்டுகளையும் என்னிடம் இருக்கும் டிஸ்கோ, ஹவுஸ் 12 அங்குலத் தட்டுகளையும் கலந்து ஒரு மணி நேர மிக்ஸ் செய்கிறேன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்ப. இரண்டு டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள், ஒரு இரண்டு சேனல் மிக்சர். மிக்சரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒயர் போட்டு ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிகிறேன். ஸ்பீக்கரில் கேட்கிற அழகு எதுவும் பதிவில் இல்லை. பாஸ் விழும் இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது, இடது வலது இரண்டும் ஒன்றாகிவிட்டது, பாட்டு நடுவில் சத்தம் தானாக ஏறி இறங்குகிறது, அடியில் ஓர் இரைச்சல் வேறு. சவுண்ட் கார்டு வாங்கினால் போதுமா, ஊசியையும் மாற்ற வேண்டுமா?

ஃபீனிக்ஸ்_ஒலி:
தம்பி, ஊசியை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் சொன்னதில் பெரும்பாலானது அந்த மைக் துளையில்தான் நடக்கிறது. அது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவதற்கு இருப்பது, மிக்சரிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு பலமானது, அதனால் நுழையும்போதே உடைந்துவிடுகிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் அது மோனோ, இடது வலது பிரிவே இல்லாத ஒற்றை ஒலி. சத்தம் ஏறி இறங்குவது அநேகமாக விண்டோஸ் தானாக அளவைத் திருத்துவதால், சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

வேண்டியது மிக்சரின் பலமான சிக்னலை அப்படியே ஏற்கும் லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது வெளியே செருகும் சவுண்ட் கார்டு. பெஹ்ரிங்கர் யூசிஏ202 மாதிரி சின்னப் பெட்டியே போதும், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும், ரெக்கார்டு தரும் ஒலிக்கு அது தாராளம். மிக்சரின் பின்னால் ரெக் அவுட் என்ற பதிவுக்கான துளை இருந்தால் அங்கிருந்து ஆர்சிஏ ஒயரை இழுங்கள், ஏனென்றால் பெரும்பாலான மிக்சர்களில் அது மாஸ்டர் வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும், அறையில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவு அசையாது. டர்ன்டேபிள்கள் மிக்சரில் டர்ன்டேபிளுக்கென்றே இருக்கும் ஃபோனோ துளையில்தான் இருக்க வேண்டும், லைனில் போட்டால் ஒலி மெலிந்து பாஸே இல்லாமல் வரும். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், ஆர்ஐஏஏ முறை என்பது அதுதான், அதை மிக்சரின் ஃபோனோ துளைக்குள் இருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் திருப்பி நேராக்குகிறது.

அளவு விஷயத்தில் மட்டும் பேராசை வேண்டாம். ஆடாசிட்டி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் நடுவில் நின்றால் போதும், பதிந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். சீரோவைத் தொட்டு உடைந்தது உடைந்ததுதான், அதை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. மிக்சரிலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது.

டொங்காட்_வாணி:
அந்த இரைச்சலுக்கு நான் சொல்கிறேன். டர்ன்டேபிளிலிருந்து மெல்லிய எர்த் ஒயர் ஒன்று தனியாக வரும், இரண்டையும் மிக்சரின் பின்னால் ஜிஎன்டி என்று இருக்கும் திருகில் இறுக்கியிருக்கிறீர்களா? அது சரியாக இருந்தும் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது கரண்டின் ம்ம்ம் என்ற முனகல், போகவில்லை என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றால் கிரவுண்ட் லூப்தான், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவது, அப்படியே பதிந்துவிடுங்கள். தயவுசெய்து பிளக்கின் எர்த் பின்னை யாரும் கழற்ற வேண்டாம், சிலர் அப்படிச் சொல்லித் தருகிறார்கள், உயிருக்கு ஆபத்து. லோட்ஷெடிங் மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினாலும் ர்ர்ர் என்று ஒரு சத்தம் ஏறும், கரண்ட் இருக்கும்போது பதிவதே நல்லது.

அப்புறம் ஸ்பீக்கர். டர்ன்டேபிள் இருக்கும் மேசையிலேயே ஸ்பீக்கரையும் வைத்தால் பாஸ் அதிர்வு ஊசி வழியாக மறுபடி உள்ளே போய்ப் பதிவு முழுக்க ஒரு குமுறல் வரும். தனியே வையுங்கள், குறைத்து வையுங்கள்.

சாட்ஸ்வொர்த்_தட்டு:
வாணி அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ரெக் அவுட், சின்ன பெட்டி, எர்த் ஒயர் எல்லாம் செய்தேன், ஹம் போய்விட்டது, பாஸ் முழுசாக வருகிறது. இப்போது அப்பாவின் பழைய தட்டுகள் மட்டும் ஹவுஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் ரொம்பச் சன்னமாக, பொரிச்சலோடு கேட்கின்றன. இரைச்சலைக் குறைக்கும் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனை மொத்த மிக்ஸுக்கும் போடலாமா?

ஃபீனிக்ஸ்_ஒலி:
போடாதீர்கள். குரலின் மேல்பகுதியையும் சேர்த்துத் தின்றுவிடும், பாடுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஆகும். சன்னம் என்பது அந்தத் தட்டு வெட்டப்பட்ட விதம், மிக்சரில் அந்தச் சேனலின் கெயினை, அதாவது ஒலி உள்ளே வரும் அளவை, ஏற்றி இரண்டு சேனல் மீட்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் துள்ளும்படி வைத்துக்கொண்டு அப்புறம் ஃபேடர் என்ற தள்ளுகுமிழைத் திறவுங்கள். பொரிச்சலுக்கு முதலில் தட்டைக் கழுவுங்கள், நம் கடற்கரை ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், காய்ந்த பிரஷ் மட்டும் போதாது. கழுவிய பிறகும் டக் டக் என்று கேட்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்து க்ளிக் ரிமூவல் போடலாம்.

அந்தப் படப் பாட்டுத் தட்டுகளில் பல மோனோவாக இருக்கும், லேபிளைப் பாருங்கள். மோனோ என்றால் அந்தப் பகுதியை மட்டும் ஆடாசிட்டியில் மோனோவாகக் கலந்துவிடுங்கள். பாட்டு இரண்டு பக்கமும் ஒன்றே, அது அப்படியே இருக்கும், ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சலில் நல்ல பங்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நான் கேட்டதிலேயே பழைய தட்டுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

டொங்காட்_வாணி:
முழு மிக்ஸையும் சுருக்காத வேவ் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி வரும். அத்தைக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 அனுப்பினால் போதும், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவே அனுப்புங்கள்.