கேட்கவே மாட்டார்கள் என்று தோன்றும் ஆட்களிடம் சுவிசேஷம் சொல்வது எப்படி? (இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதி)

மஸ்கெலியா_தம்பி:
எங்கள் சபை வாலிபர் ஆறு பேர் அடுத்த மாதத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு ஊழியத்துக்குப் போக இருக்கிறோம். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சனிக்கிழமை காலை லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கைப்பிரதி கொடுப்பது, ஒரு சின்ன ஸ்பீக்கர், இரண்டு பாட்டு, இதுதான் திட்டம். யோசனையாக இருப்பது மூன்று விதமான ஆட்கள். கோயில் தலைவர் மாதிரியான பெரியவர்கள். சந்தியில் த்ரீவீலோடு நிற்கிற பையன்கள், கேலிதான் பண்ணுவார்கள். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான் தம்பி" என்று சிரித்தே அனுப்பிவிடுகிறவர்கள். இவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? அல்லது இவர்களை விட்டுவிட்டு, கேட்கிற மாதிரி இருப்பவர்களிடம் மட்டும் போகலாமா?

ஊவா_அண்ணன்:
தம்பி, ஆட்களைப் பிறகு பார்ப்போம். முதலில் திட்டத்தை மாற்றுங்கள்.

சனிக்கிழமை காலை லயத்தில் யார் இருப்பார்கள்? பெரட்டு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிப்பது) முடிந்து கொழுந்துக்காரர்கள் மலைக்கு ஏறியிருப்பார்கள். வீட்டில் இருப்பது கிழவர்கள், சுகமில்லாதவர்கள், பிள்ளைகள். பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைகள் கையில் பேப்பர் கொடுத்தார்கள் என்ற பேச்சு அன்று மாலையே தோட்டம் முழுக்கப் போய்விடும். வேலை நாள் மாலையும் ஆகாது. தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள் என்று பெண்களுக்கு நிற்க நேரமிருக்காது. ஞாயிறு பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை சரியான நேரம். சம்பளம் போட்ட ஞாயிறை மட்டும் விடுங்கள். பாதிப் பேர் டவுனில், மீதியில் சிலர் போதையில். போதையில் இருப்பவர் அழுதுகொண்டே ஜெபிக்கச் சொல்வார். மறுநாள் வெட்கத்தில் உங்களைக் கண்டால் வேறு வழியாகப் போவார். அந்த ஆள் அதோடு போச்சு.

மழையும் கணக்கில் இருக்கட்டும். உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் மழை, அங்கே ஆட்கள் போவதென்றால் மாதத்தை மாற்ற வேண்டும்.

ஆறு பேர் ஒன்றாகப் போனால் அது ஊர்வலம். இயேசு எழுபது பேரை இரண்டிரண்டாகத்தான் அனுப்பினார், லூக்கா 10ஐ எடுத்துப் பாருங்கள். அதே அதிகாரம் ஏழாம் வசனம், வீட்டுக்கு வீடு போகாதீர்கள் என்கிறது. ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கச் சொல்கிறது. நம் சபைகளில் இந்த வசனத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை என்பது வேறு கதை. கணவன் மனைவியாக ஒரு ஜோடி போவது மிக நல்லது, இல்லாவிட்டால் இரண்டு பெண்கள். ஆண்கள் இருவர் என்றால் இஸ்தோப்பை (முன் விறாந்தையை) தாண்டி உள்ளே போகவே கூடாது, பெண் தனியாக இருக்கும் வீட்டில் உட்காரவும் கூடாது. ஒரு பிற்பகலுக்கு மூன்று வீடு, மிஞ்சினால் நாலு. பத்து நிமிடம் போதும், அவர்களே இருக்கச் சொன்னால் இருங்கள். பிளேன்டீ கொடுத்தால் மறுக்காதீர்கள். விபூதியோ பிரசாதமோ நீட்டி, உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால், கும்பிட்டு "வேணாம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதைத்தான் நினைவில் வைப்பார்கள்.

ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கைப்பிரதியையும் கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் பெரிய எழுத்தில் ஒரு தாள். வாசிக்கத் தெரியாத அம்மாமார் இருப்பார்கள். அவர்களுக்கு, விருப்பமா என்று கேட்டு, லூக்கா சுவிசேஷத்தின் ஒலிப்பதிவை வீட்டுப் பிள்ளையின் போனில் போட்டுக் கொடுத்தால் அது நிற்கும்.

இனி உங்கள் மூன்று விதம். எதிர்த்துப் பேசுகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள், அவர் காது கொடுத்துக் கேட்டதால்தான் எதிர்க்கிறார். "சரிங்க, சரிங்க" என்று உடனே தலையாட்டுகிறவரிடம்தான் கவனம் தேவை. அது நம் ஆட்களின் மரியாதை, சம்மதம் அல்ல. இயேசு படத்தையும் சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வழியனுப்புவார்கள். "எல்லாச் சாமியும் ஒண்ணு" என்பவரிடம் வாதம் பண்ணாதீர்கள். "நீங்க சாமிகிட்ட நிக்கிறப்ப என்ன கேப்பீங்க?" என்று கேளுங்கள். மகனுக்கு வேலை, மகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வரணும், கடன் என்று வரும். அதைக் கேட்டு முடித்த பிறகு, "இதுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேட்டு, சத்தமில்லாமல் ஜெபியுங்கள். தலையில் கை வைக்காதீர்கள். லயத்தில் நடுச்சுவர் ஒன்றுதான். சொன்னதெல்லாம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். யாராவது மனம் விட்டுப் பேசத் தொடங்கினால் இடத்தை அவரே தெரிவு செய்யட்டும்.

சந்திப் பையன்களிடம் கூட்டமாக இருக்கும்போது சுவிசேஷம் பேசினால் கேலிதான் வரும், ஏனென்றால் ஒருவன் கேட்டால் மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் வண்டியில் நீங்கள் தனியாக ஹயருக்கு (வாடகைக்கு) போகும்போது அதே பையனே கேள்வி கேட்பான்.

லயத்து_வாசல்:
நான் வேதக்காரன் (கிறிஸ்தவன்) இல்லை, கோயில் கமிட்டிப் பக்கம். தலைவர் ஏன் முறைக்கிறார் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு உங்கள் இயேசுவோடு சண்டை இல்லை. ஒரு குடும்பம் வேதத்துக்குப் போனால் திருவிழாச் சந்தா நின்றுவிடும், அதைக்கூட விடலாம். மரண வீட்டில்தான் வெடிக்கும். மூத்த மகன் "கொள்ளி வைக்க மாட்டேன், மொட்டை போட மாட்டேன்" என்று நிற்பான். பெற்ற தகப்பன் வாசலில் கிடக்கும்போது லயமே இரண்டாகப் பிரியும். புதிதாக வந்தவரிடம் முதல் மாதமே இதையெல்லாம் விடச் சொல்கிற பாஸ்டர்மாரால்தான் தோட்டத்தில் கதவு அடைபடுகிறது. எங்கள் மாரியம்மனைச் சாத்தான் என்று சொன்னால் பிறகு யார் சமாதானத்துக்கு வந்தாலும் எடுபடாது. அரிசி, பால்மா பொதியோடு வந்தாலும் அதே கதி: சாமானுக்கு மதம் மாற்றுகிறார்கள் என்று பேர் விழும். உதவி செய்ய ஆசையென்றால் தோட்டம் முழுக்க, கோயில் வீடு வேத வீடு பார்க்காமல், வேறொரு நாளில் செய்யுங்கள். வந்தவுடன் தலைவரை நேரில் பார்த்து, யார், எந்தச் சபை, எதற்கு வந்தோம் என்று சொல்லுங்கள். மறைத்து வருவதைத்தான் அவர் மன்னிக்க மாட்டார். அவர் வேண்டாம் என்றால் திரும்பிப் போங்கள்.

ஹட்டன்_அக்கா:
சட்டப் பக்கம் கொஞ்சம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் விரும்பிய மதத்தை ஏற்கும் உரிமையையும் தருகிறது. 14ஆவது, மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமை. ஆனால் 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தில், மதத்தைப் பரப்புவதை அரசியலமைப்பு பாதுகாக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் அதற்கு மாறாகக் கருத்துச் சொன்னது, என்றாலும் பொலிஸ் நிலையத்தில் அதை வைத்து வாதாட முடியாது. 2004இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. அதனால் பேசுவது குற்றமில்லை, ஆனால் பிற மதத்தை இழிவாகப் பேசினால் தண்டனைச் சட்டக்கோவை 291அ, 291ஆ பிரிவுகள் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில், அதாவது மதப் பகையைத் தூண்டுவதையும் குற்றமாக்கும் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்தில், மாட்டினால் விஷயம் பெரிதாகிவிடும். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு மத விவகார அமைச்சின் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி அனுமதி கேட்பார்கள். அது புதிய வழிபாட்டுத்தலம் கட்டுவது பற்றியது. அமைதியாக அதைச் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

தோட்டம் கம்பனி நிலம், ஒஃபீசில் சொல்லிவிட்டுப் போங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஜெபிப்பதைப் போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தக் குடும்பம்தான் மாட்டும். சுகத்துக்காக ஜெபித்தால் "மருந்தை நிறுத்தாதீங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா_தம்பி:
நன்றி. ஸ்பீக்கரை விட்டாச்சு. இன்னொன்று: கதை சொல்வதென்றால் மத்தேயு 20, திராட்சத் தோட்ட வேலையாட்கள் கதை தோட்டத்துக்குப் பொருந்தும்தானே?

ஊவா_அண்ணன்:
பொருந்தும், அதனால்தான் ஆபத்தும். காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்துக்கு வந்தவருக்கும் ஒரே கூலி என்றவுடன் "அது எப்படி?" என்பார்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் கூலி) போடுகிற இடத்தில் அந்தக் கேள்வி நியாயம். அவசரமாகச் சமாளித்தால், துரைதான் (தோட்ட மேனேஜர்தான்) கடவுள் என்று நீங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். ஆட்கள் கோபப்படட்டும், நிறுத்திக் கேளுங்கள். பிறகு இரண்டு இடத்தை மட்டும் காட்டுங்கள். அந்த எஜமான் ஆள் அனுப்பவில்லை, விடிகாலையிலிருந்து ஐந்து தடவை தானே சந்தைவெளிக்குப் போகிறான். கடைசியில் நின்றவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். பேர் போடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தப் பதில் விளக்கமில்லாமல் விளங்கும்.

முதல் சந்திப்புக்கு லூக்கா 15இல் இளைய மகன் கதை போதும். நாலு நிமிடத்தில் சொல்லலாம். மூத்த மகன் வெளியே நிற்கிற பகுதியை வெட்டாதீர்கள், கோயில் தலைவர் கேட்க வேண்டிய பகுதி அதுதான்.