கலைச்சொல் தேவை: எண்ணை மாற்றிய அசல் நாணயத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நாணயம் சேகரிக்கத் தொடங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போலிகளைக் கண்டுபிடிக்கும் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

உருக்கி வார்த்ததை 'வார்ப்புப் போலி' என்றும், கள்ள அச்சு வெட்டி அடித்ததை 'அச்சுப் போலி' என்றும் எழுதிவிட்டேன். வார்ப்பில் முகம் முழுக்க ஊசிக்குத்துபோல் குழி இருக்கும், விளிம்பில் வார்ப்பின் இரு பாதியும் சேர்ந்த கோடு ஓடும். பெயரைக் கேட்டதுமே எதைத் தேடுவது என்று புரிந்துவிடும். சிக்கல் மூன்றாவது வகையில். நாணயம் அரசு அக்கசாலையில் அடித்த அசல். அப்புறம் யாரோ ஓர் எண்ணையோ எழுத்தையோ மாற்றி, அரிய நாணயம் என்று விற்கிறார்கள்.

1943 அமெரிக்க ஒரு சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய் வெண்கலத் தகட்டில் அடிபட்டவை மிகச் சில. அதற்காக 1948 சென்ட்டில் 8-இன் இடப்பக்கத்தை அராவி 3 ஆக்கிவிடுகிறார்கள். எடை 3.11 கிராம், சரி. ஒப்படர்த்தியும் சரி. காந்தத்தில் ஒட்டாது, அதுவும் சரி. 'போலி' என்று எழுதினால் படிப்பவர் தராசைத்தான் எடுப்பார். தராசு நல்ல காசு என்று சொல்லிவிடும். இதற்குத் தனிச்சொல் வேண்டும்.

———

தம்பிக்கு,

திரிநாணயம். வினைத்தொகை, சுருக்கமானது.

சொற்கள் சேரும்போது எழுத்தில் வரும் மாற்றமான விகாரத்தை நன்னூலார் மூன்றாக வகுத்ததை நினைத்துப் பாருங்கள்: தோன்றல், திரிதல், கெடுதல். நீங்கள் சொன்ன 8, 3 ஆனது திரிதல். 1916-இல் அமெரிக்காவின் டென்வர் அக்கசாலையில் அடித்த பத்து சென்ட் நாணயம் 2,64,000தான். வேறு அக்கசாலையில் அடித்த அதே ஆண்டு நாணயத்தில் டென்வரைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தை ஒட்டி அதுபோல் ஆக்குவது தோன்றல். 1922 சென்ட் டென்வரில் மட்டுமே அடிக்கப்பட்டது. அச்சு தேய்ந்து 'டி' விழாமல் போனவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பதால், இருக்கிற 'டி'யைச் சுரண்டி எடுப்பது கெடுதல். மூன்றுக்கும் பொதுவாகத் 'திரி' போதும். தொல்காப்பியர் வழியில் போனால் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். 'மெய்பிறிதுக் காசு' என்றே சொல்லலாம். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

———

ஐயாவுக்கு வணக்கம்.

மூன்று வகையும் அப்படியே பொருந்துவதைப் பார்த்து வியந்தேன். நாளையே வகுப்பில் சொல்வேன். ஆனால் பெயராக ஏற்க முடியவில்லை.

> மெய்பிறிதுக் காசு

இங்கே மெய் மாறவே இல்லையே ஐயா. உலோகம் அதே, எடை அதே. தம்பியின் சிக்கலே அதுதான்.

'திரிநாணயம்' என்றால் என் மாணவர்களுக்கு விளக்குத்திரி நினைவுக்கு வரும், இல்லையென்றால் பால் திரிந்தது நினைவுக்கு வரும். பால் தானாகத் திரிகிறது, தன்வினை. இந்தக் காசு தானாகத் திரியவில்லை, ஒருவன் உட்கார்ந்து அரத்தால் திரித்தான். பிறவினை வேண்டும். 'திரித்த நாணயம்' என்றால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். எனக்குப் பிடித்தது 'கைவைத்த நாணயம்'. கணக்கில் கை வைத்தான் என்றால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

———

அனைவருக்கும் வணக்கம்.

'நாணயம்' என்ற சொல்லே நமக்கு எதற்கு? 'நாணக' என்ற வடசொல்லோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. காசு இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வாய்வழி ஆங்கிலம் வரைக்கும் போய் 'கேஷ்' என்று சில்லறைக்காசின் பெயராக நின்ற சொல். நாணயம் அடிக்கும் இடத்துக்குக் கம்பட்டம் இருக்கிறது. மலையாளத்தார் கள்ளநாணயம் அடிப்பதைக் 'கள்ளக்கம்மட்டம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். காசின் நேர்மையைச் சோதித்தவனுக்கு வண்ணக்கன் என்று பெயர் வைத்தது சங்க காலம். அந்தப் பெயரோடு புலவர்களே இருந்தார்கள். பின்னாளில் அந்தச் சோதனை 'நோட்டம்' ஆயிற்று. அதிகாரத் தலைப்பைக் 'காசு நோட்டம்' என்று வையுங்கள், மற்றச் சொற்கள் தாமாக வரும்.

———

நண்பர்களுக்கு,

'காசு நோட்டம்' அழகாக இருக்கிறது, தலைப்புக்கு எடுத்துக்கொண்டேன். மீட்டுத் தந்ததற்கு நன்றி. ஆனால் உள்ளே 'நாணயம்' இருக்கட்டும். நாணயமான ஆள் என்று மனிதரையும் அதே சொல்லால் அளக்கிறோம். இந்த அதிகாரத்துக்கு அந்த நிழல் தேவைப்படுகிறது.

நேற்று ஒருவர் அப்படித் திருத்திய 1948 சென்ட் ஒன்றைப் பார்க்கக் கொடுத்தார். பத்து மடங்கு லென்ஸில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. விளக்குப் பக்கமாகச் சாய்த்தபோதுதான் 3-க்கு இடப்புறம் சின்னதாக ஒரு பளபளப்பு, சுற்றியிருந்த பழுப்பு அந்த இடத்தில் மட்டும் இல்லை. பிறகு வாலைப் பார்த்தேன். உண்மையான 1943-இல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும். இதில் இறங்கவில்லை, 8-இன் அடிவயிறு அப்படியே வளைந்து நின்றது. எண்ணைச் சுரண்டிய இடத்தைப் பார்த்தபோது, வகுப்பெடுக்கும் ஆசிரியை அம்மா இங்கே சொன்ன சொல்தான் வாயில் வந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே 'கைவைத்த நாணயம்' என்று போடுகிறேன். இதுவரை ஐந்து பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் எதிர்க்கிறார்கள்.

———

தம்பிக்கு,

எதிர்த்த இருவரில் நான் ஒருவன். பேச்சுவழக்கு கலைச்சொல்லாக நிற்காது என்பதல்ல என் குறை. 'கைவைத்த நாணயத்தன்மை', 'கைவைத்தல் முறைகள்' என்று நாளைக்கு நீட்டும்போது தடுக்கும். திரி என்றால் திரிப்பு, திரித்தோன், திரிப்புமுறை என்று கிளைக்கும். சொல்லடைவில் 'திரித்த நாணயம்' என்பதையும் பக்கத்தில் போடுங்கள். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் துணைத்தலைப்பாக வைத்தால் இன்னும் மகிழ்வேன். ஒட்டிய 'டி'யைத் தேடுகிறவன் எழுத்தின் அடியைச் சுற்றி மெல்லிய கோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுரண்டியதைத் தேடுகிறவன் வெற்றிடத்தில் கீறலைப் பார்க்கவேண்டும். இரண்டும் வேறு வேறு தேடல்.

———

ஐயா, துணைத்தலைப்பு மூன்றும் உள்ளே போய்விட்டன. சொல்லடைவிலும் இரண்டு சொல்லும் இருக்கும். கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன்.